நால்வர் ஓட்டமும் ஒருவர் வினையும்

பலர் கூடிச் செய்யும் ஒரு செயலின் பலன் யாருக்கு உரியது, அதில் நேரும் குற்றம் யாரைச் சாரும் என்னும் கேள்வி, வினைக்கொள்கையை ஏற்கும் இந்தியச் சமயங்கள் எல்லாவற்றையும் நெடுங்காலமாகத் தொடர்ந்து வந்திருந்தும், அவற்றின் நூல்களில் போதிய இடம் பெறாமலே இருந்திருக்கிறது. செய்தவர் எவரோ அவரே துய்ப்பர் என்பது சைவம், வைணவம், சமணம், பௌத்தம் ஆகிய நான்கிலும் வினை பற்றிய முதல் விதி. ஆனால் உழவு, போர், வாணிகம், ஆட்சி, கோயில் திருப்பணி ஆகியவற்றுள் ஒன்றையேனும் ஒருவர் தனியே செய்து முடிப்பதில்லை என்பதும், ஒருவர் தவறினால் அருகில் நிற்பவர் அதன் சுமையை ஏற்க நேர்கிறது என்பதும் அதே அளவுக்கு எல்லாரும் அறிந்தவை. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்திக் காண்பது என்பதே இங்கு ஆராயப்படுவது. ஆராய்ச்சிக்கு இரண்டு களங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன: ஒன்று கடலூர் மாவட்டத்து விருத்தாசலம், மற்றொன்று குளிர்கால ஒலிம்பிக்கில் நடைபெறும் ஆடவர் பயாத்லான் தொடர்ப்போட்டி. பனி விழாத ஊரையும் பனியில்லாமல் நடவாத போட்டியையும் அருகருகே வைப்பது விநோதமாகத் தோன்றலாம். கேள்வி இரண்டிடத்திலும் ஒன்றே என்பது பின்னால் விளங்கும்.

விருத்தாசலம் இதற்குப் பொருந்தும் ஊர் என்பதற்கு முதற்காரணம், வினை பற்றித் தமிழில் எழுந்த மிக நுணுக்கமான சிந்தனை அதன் சுற்றுவட்டாரத்திலேயே பிறந்தது என்பதாகும். மணிமுத்தாற்றங்கரையில் திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயருடன் விளங்கிய இவ்வூருக்கு அருகிலுள்ள பெண்ணாகடத்தில்தான், பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தை அருளிய மெய்கண்டார் தோன்றினார் என்பது சைவ மரபு. அவருடைய மாணவர் அருள்நந்தி சிவம் திருத்துறையூரையும், அவர்களுக்குப் பின் வந்த உமாபதி சிவம் சிதம்பரத்தையும் சார்ந்தவர்கள். பன்னிரண்டே நூற்பாக்கள் கொண்ட சிவஞானபோதமும் அதன் வழி நூல்களும், இறைவனாகிய பதி, உயிராகிய பசு, உயிரைப் பிணிக்கும் தளையாகிய பாசம் என மூன்று என்றும் உள்ள பொருள்களை நிறுவி, பாசத்தை ஆணவம், கன்மம், மாயை என வகுக்கின்றன. இவற்றுள் கன்மம் என்பது உயிர் மனத்தாலும் வாக்காலும் உடலாலும் செய்த வினையின் தொகுதி. இன்னும் பலன் தராமல் கிடப்பதைச் சஞ்சிதம் என்றும், இப்பிறவியில் பலன் தரத் தொடங்கிவிட்டதைப் பிராரத்தம் என்றும், இப்போது புதிதாகச் சேர்வதை ஆகாமியம் என்றும் நூல்கள் பிரிக்கும். வினை அறிவற்ற சடம், ஆதலால் அது தானே தன்னைச் செய்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாது, அறிவுடைய இறைவனே அதனை அவரவருக்கு உரிய அளவில் ஊட்டுவிக்கிறான் என்பது சைவ சித்தாந்தத்தின் கொள்கை. இவ்விளக்கம் முழுவதிலும் உயிர் ஒருமையிலேயே நிற்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

அந்த ஒருமை, சித்தாந்த நூல்கள் படைப்பை விளக்கக் கையாளும் குயவர் எடுத்துக்காட்டில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. குடம் உண்டாவதற்கு மண் முதற்காரணம், அதாவது பொருளாக நின்று குடமாக மாறுவது. தண்டும் சக்கரமும் துணைக்காரணம், அதாவது செயலுக்கு உதவும் கருவி. குயவர் நிமித்தகாரணம், அதாவது அறிந்து செய்பவர். உலகத்துக்கு மாயை முதற்காரணமாகவும், சக்தி துணைக்காரணமாகவும், சிவன் நிமித்தகாரணமாகவும் நிற்பதை விளக்க இந்த எடுத்துக்காட்டு நன்றாகவே உதவுகிறது. ஆனால் அதன் வலிமை குயவர் ஒருவர் என்பதில்தான் அடங்கியிருக்கிறது. குடம் நன்றாக வந்தாலும் கோணலாக வந்தாலும் கேட்க வேண்டியவர் யார் என்பதில் ஐயம் இல்லை.

மெய்கண்டார் பிறந்த ஊருக்கு அண்டையில் உள்ள அதே விருத்தாசலம், இருபதாம் நூற்றாண்டில் செராமிக் நகரம் என்று பெயர் பெற்றபோது, இந்த எடுத்துக்காட்டு அறியாத ஒரு நிலை அங்கே தோன்றியது. செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசுக் கல்வி நிலையமும் அமைந்த இவ்வூரின் சிறு ஆலைகளில் மின்சாரப் பீங்கான் ஃப்யூஸ்கள், கோப்பைகள், ஜாடிகள், பொம்மைகள் முதலியவை செய்யப்படுகின்றன. வெண்களிமண்ணையும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகிய கனிமப் பொடிகளையும் தண்ணீருடன் சேர்த்துப் பால் மில் எனப்படும் உருளும் உருளையில் அரைப்பவர் ஒருவர். அந்தக் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுபவர் வேறொருவர். அச்சு நீரை உறிஞ்சி, உருவம் இறுகியதும் அதைப் பிரித்தெடுத்து விளிம்பைச் செதுக்கிச் சீராக்குபவரும், உலர்த்துபவரும், கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சில் முக்கி எடுப்பவரும், சூளையில் அடுக்குபவரும், நெருப்பின் அளவைப் பார்த்து நிற்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம். ஆயிரத்து இருநூறு பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறும் வெப்பத்தைக் கடந்து ஒரு கோப்பை விரிசலோடு வெளிவந்தால், அந்த விரிசல் அரைத்த பதத்தில் பிறந்ததா, அவசரமாக உலர்த்தியதில் விழுந்ததா, நெருப்பு சட்டென்று ஏறியதால் வந்ததா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிவதில்லை. குறை ஒரு கையில் உண்டாகி மற்றொரு கையில் வெளிப்படுகிறது. குயவர் எடுத்துக்காட்டு இதனால் பொய்யாகிவிடவில்லை. ஆனால் நிமித்தகாரணம் பன்மையாகும்போது என்ன செய்வது என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

ஊரின் தலபுராணக் கதை ஒன்று இதே கேள்வியின் விளிம்பைத் தொட்டுச் செல்கிறது. திருமுதுகுன்றத்துக் கோயில் திருப்பணியை மேற்கொண்ட விபசித்து முனிவர், வேலை செய்தவர்களுக்குக் கூலியாகத் தலமரமாகிய வன்னியின் இலைகளைக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைப்பின் அளவுக்கேற்ப அவை பொற்காசுகளாக மாறின என்றும் அது கூறும். வினைக்கொள்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது: இலை எல்லாருக்கும் ஒன்று, பொன் அவரவர் உழைப்பின்படி. சுந்தரர் இத்தலத்தில் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்னும் வரலாறும், செய்த இடத்திலேயே பலன் கிடைக்க வேண்டுவதில்லை என்பதைக் காட்டுவதாகக் கொள்ளலாம். எனினும் நான்கு பேர் சேர்ந்து தூக்கிய ஒரு கல்லில் ஒவ்வொருவர் உழைப்பும் எவ்வளவு என்று வன்னி இலை எப்படி அறிந்தது என்பதைப் புராணம் சொல்லவில்லை. புராணத்தை அப்படிக் கேட்பது முறையன்று என்று சிலர் கருதலாம். தத்துவம் கேட்டே ஆக வேண்டும்.

இனி இரண்டாவது களத்துக்கு வரலாம். பயாத்லான் என்பது நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கையும் துப்பாக்கி சுடுதலையும் இணைத்த போட்டி. நார்வே முதலிய வடநாடுகளில் எல்லைக் காவல் படையினரின் பயிற்சியிலிருந்து உருவானது. 1924-இல் ஷாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் ராணுவ ரோந்துப் போட்டி என்ற பெயரில் இதன் முன்வடிவம் இடம்பெற்றது. அதில் வீரர்கள் குழுவாகவே சறுக்கிச் சென்றனர். தனிநபர் பயாத்லான் 1960-இலும், நால்வர் அணிக்கான தொடர்ப்போட்டி 1968-இல் கிரெனோபிளிலும் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டன. 1968 முதல் 1988 வரை நடந்த ஆறு ஒலிம்பிக்குகளிலும் தொடர்ப்போட்டித் தங்கத்தைச் சோவியத் ஒன்றியமே வென்றது. இந்தியாவில் குல்மார்க் போன்ற இடங்களில் ராணுவத்தினர் இவ்விளையாட்டைப் பயின்றாலும், ஒலிம்பிக் தொடர்ப்போட்டியில் இந்திய அணி களமிறங்கியதில்லை.

இப்போட்டியின் விதிகள் சமயநூல் படிப்பவர் பொறுமையோடு கவனிக்க வேண்டியவை. அணியின் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக ஆளுக்கு 7.5 கிலோமீட்டர் சறுக்கிச் செல்கின்றனர். அத்தொலைவு மூன்று சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, இடையில் இருமுறை, முதலில் படுத்த நிலையிலும் பின்னர் நின்ற நிலையிலும், 50 மீட்டருக்கு அப்பாலுள்ள ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். துப்பாக்கியில் உள்ள ஐந்து குண்டுகளால் ஐந்தும் விழாவிட்டால், மாற்றுக் குண்டுகள் மூன்று உண்டு. ஆனால் அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் இட்டுச் சுட வேண்டும், அதற்கு ஆகும் நேரம் கணக்கில் ஏறும். எட்டுக் குண்டுகளுக்குப் பின்னும் விழாமல் நிற்கும் ஒவ்வோர் இலக்குக்கும் 150 மீட்டர் நீளமுள்ள தண்டனைச் சுற்று ஒன்றை ஓடி முடித்த பிறகே மேலே செல்லலாம். தம் பகுதியை முடித்தவர் அடுத்தவரைக் கையால் தொட்டு அனுப்புகிறார். தடகளத் தொடரோட்டத்தில் உள்ளதுபோல் கைமாற்றிக் கொடுக்கக் கோல் எதுவும் இல்லை.

நெஞ்சு படபடக்கும்போதே மூச்சை அடக்கிக் குறிபார்க்கும் வீரரிடம் யோகியைக் காண்பது எளிது. அப்படி எழுதுபவர்களுக்கும் குறைவில்லை. அது தனிமனிதத் திறமை பற்றிய செய்தி. தொடர்ப்போட்டி எழுப்பும் கேள்வி வேறு. தொடுதலின் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்வது என்ன என்று கேட்டால், காலம் என்ற ஒன்றைத் தவிர வேறில்லை. முதலாமவர் இழந்த முப்பது விநாடி, இரண்டாமவர் தொடங்கும் முன்னரே அவருக்குரிய நிலைமையாகிவிடுகிறது. தாம் செய்யாத ஒன்று தமக்கு முன்பே தொடங்கி நடந்துகொண்டிருக்க, அதற்குள் தம் முயற்சியை வைத்தாக வேண்டிய இந்நிலை, பிராரத்தம் பற்றிய வருணனையோடு பெரிதும் ஒத்திருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அது சிறிய வேறுபாடன்று. சித்தாந்தத்தின்படி பிராரத்தம் அவ்வுயிரே முன்பு செய்தது. இங்கே அது பிறர் செய்தது.

தண்டனைச் சுற்றின் விதி இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. தவறவிட்டவரே அந்தச் சுற்றை ஓட வேண்டும். அணியில் அவரைவிட விரைவாகச் சறுக்கும் மூவர் இருந்தாலும் அவர்களுள் ஒருவரும் அவருக்காக ஓட இயலாது. அதேவேளை அச்சுற்றில் கழியும் விநாடிகளோ நால்வரின் மொத்தக் கணக்கிலும் ஏறுகின்றன. பரிகாரம் செய்தவருக்கே உரியது, அதன் செலவு எல்லாருக்கும் உரியது என்னும் இப்பிரிவினையை விதிகளை வகுத்தவர்கள் தத்துவம் பேசிச் செய்திருக்க மாட்டார்கள். போட்டி நடைபெற வேறு வழியில்லை என்பதால் செய்திருப்பார்கள். ஆனால் வினையையும் அதன் விளைவையும் வேறு வேறாகப் பிரித்து, முன்னதைத் தனியொருவருக்கும் பின்னதைக் கூட்டத்துக்கும் கொடுக்கும் இந்த ஏற்பாடு, நூல்கள் தராத ஒரு விடையின் தொடக்கமாக இருக்கிறது.

2022-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இது வெளிப்படையாக நிகழ்ந்தது. ரஷ்ய ஒலிம்பிக் குழுவின் அணி முதலிடத்தில் இருந்த நிலையில், அதன் கடைசி வீரர் எடுவார்ட் லத்திபோவ் இறுதி முறையாக நின்று சுட வந்தார். இலக்குகள் எஞ்சின, தண்டனைச் சுற்றுக்குள் அவர் சென்றபோது நார்வேயும் பிரான்சும் முந்தின. ரஷ்ய அணிக்கு வெண்கலம் கிடைத்தது. பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஒரு செயலுக்கு இடம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், தெய்வம் என்று ஐந்து காரணங்களைச் சொல்கிறது; அவற்றுள் செய்பவர் ஒருவரையே காரணமாகக் காண்பவர் சரியாகக் காணாதவர் என்றும் கூறுகிறது. சுடுமேடையில் காற்றின் போக்கைக் காட்டக் கொடிகள் நடப்பட்டிருப்பதை நினைத்தால், ஐந்தாவது காரணத்துக்கு அங்கே இடமுண்டு என்பது விளங்கும். இந்நிகழ்ச்சியில் தவறு உண்டு, குற்றம் இல்லை. மற்ற மூவரும் இழந்தார்கள், எனினும் ஏமாற்றப்படவில்லை.

சோச்சியில் நடந்தது இத்தகையதன்று. 2014 பிப்ரவரி 22-ஆம் நாள் அலெக்சேய் வோல்கோவ், எவ்கேனி உஸ்த்யுகோவ், திமித்ரி மலிஷ்கோ, அன்தோன் ஷிபுலின் ஆகிய நால்வர் கொண்ட ரஷ்ய அணி, சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில் தங்கம் வென்றது. எரிக் லெஸ்ஸர், டேனியல் போம், ஆர்ந்த் பைஃபர், சிமோன் ஷெம்ப் ஆகியோரின் ஜெர்மன் அணி சில விநாடிகள் பிந்தி இரண்டாமிடம் பெற்றது. 2020-இல் விளையாட்டுகளுக்கான நடுவர் மன்றம், உஸ்த்யுகோவ் ஊக்கமருந்து விதிகளை மீறினார் என்று தீர்ப்பளித்து, அந்தக் காலத்து அவருடைய முடிவுகளை ரத்துசெய்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீடு செய்தார். தம் இரத்தத்தின் அளவுகள் பிறவியிலேயே அவ்வாறு அமைந்தவை என்பதும் அவர் தரப்பு வாதங்களுள் ஒன்று. ஊழ் என்று ஒருவர் சொல்லக்கூடியதை மருத்துவத்தின் சொற்களில் முன்வைத்த அவ்வாதத்தை மன்றம் ஏற்கவில்லை. வழக்கு நீண்டு, போட்டி முடிந்து பத்தாண்டுகளைக் கடந்த பின் தங்கம் ஜெர்மனியினருக்கு உரியதாயிற்று. விதிமீறல் உஸ்த்யுகோவ் ஒருவருடையது. பதக்கம் இழந்தவர்கள் நால்வர்.

தமிழ் வாசகர் நன்கறிந்த உசேன் போல்ட்டுக்கும் இதுவே நேர்ந்தது. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் 4×100 மீட்டர் தொடரோட்டத்தில் உடன் ஓடிய நெஸ்தா கார்ட்டரின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது மறுபரிசோதனையில் கண்டறியப்பட, 2017-இல் போல்ட்டும் அந்தத் தங்கத்தை இழந்தார். எதிர்த்திசையில் நடந்த நிகழ்ச்சி தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில், திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ், முகமது அனஸ், ஹிமா தாஸ், எம். ஆர். பூவம்மா ஆகியோர் பஹ்ரைனுக்குப் பின்னால் வந்து வெள்ளி பெற்றனர். பஹ்ரைன் அணியின் கெமி அடெகோயா ஊக்கமருந்து விதிமீறலுக்காகத் தடைசெய்யப்பட்டதால், 2020-இல் அந்த வெள்ளி தங்கமாயிற்று. ஓட்டம் முடிந்த பின் இந்திய நால்வரும் அதற்காகக் கூடுதலாக ஓர் அடியும் ஓடவில்லை. வன்னி இலை இவர்கள் கையில் இரண்டாண்டு கழித்துப் பொன்னாகியது. அதற்குக் காரணம் இவர்கள் உழைப்பின் அளவு மாறியதன்று, வேறோர் அணியில் ஒருவருடைய குற்றம் வெளிப்பட்டது.

சித்தாந்தத்திடம் இதற்கு விடை கேட்டால் அது தயங்காது. பிராரத்தம் ஒருவருக்குத் தம்மாலும் பிற உயிர்களாலும் இயற்கையாலும் வந்து சேரும். பிறர் இங்கே வழியே தவிரக் காரணம் அல்லர். வோல்கோவும் மலிஷ்கோவும் ஷிபுலினும் இழந்தது அவரவர் முன்வினையின் பயனை, அது உஸ்த்யுகோவ் வாயிலாக வந்தது. வாயிலாக நின்றவருக்கோ அச்செயல் புதிய ஆகாமியமாகச் சேரும். கொள்கை என்ற அளவில் இவ்விடையில் ஓட்டை இல்லை. செய்தவரும் தப்பவில்லை, இழந்தவரும் காரணமின்றி இழக்கவில்லை. ஆயினும் இவ்விடையைப் பிறரைப் பற்றிச் சொல்லும்போது அது கொடுமையாகிவிடுகிறது. ஏமாற்றப்பட்ட எவரிடமும், நோயுற்ற எவரிடமும், சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட எவரிடமும் இதே சொற்களைச் சொல்ல முடியும், சொல்லியும் இருக்கிறார்கள். எந்த நிகழ்ச்சிக்கும் பொருந்துகிற விளக்கம் எந்த நிகழ்ச்சியையும் விளக்காது என்பது ஒரு புறம் இருக்க, தண்டிக்கப்பட வேண்டியவருக்கும் ஆறுதல் பெற வேண்டியவருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அது மங்கச் செய்கிறது. இன்பத்தையும் துன்பத்தையும் ஒன்றாக ஏற்கும் இருவினையொப்பு என்னும் நிலையைச் சித்தாந்தம் பக்குவப்பட்ட உயிர் தானே அடையும் நிலையாகத்தான் வைத்தது. இழந்தவர் தாமாக, இது எனக்கு உரியது என்று சொல்லிக்கொள்வது தவம். பார்த்திருப்பவர் அதை அவருக்குச் சொல்வது தவமாகாது.

சமணம் இவ்விடத்தில் வேறொரு கருவியைத் தருகிறது. வினை உயிரின்மேல் ஒட்டும் நுண்பொருள் என்று கொள்ளும் அச்சமயம், ஒருவர் வினை மற்றவரை ஒட்டாது என்பதில் சைவத்தையும் விடக் கடுமையானது. ஒருவர் தனியே பிறந்து, தனியே செய்து, தனியே துய்க்கிறார் என்று இடைவிடாது எண்ணுதல் அதன் பன்னிரண்டு சிந்தனைகளுள் ஒன்று. ஆனால் அதே சமணம், செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையைச் சேர்க்கும் என்றும் கூறுகிறது. இலங்கையின் பௌத்தர் இறந்தோருக்குப் புண்ணியத்தைப் பங்கிடும் சடங்கை விளக்கும்போதும் இதே திசையில்தான் செல்கின்றனர்: புண்ணியம் பொருள்போல் கைமாறுவதில்லை, பிறர் செய்த நன்மையைக் கண்டு மகிழ்ந்து உடன்படுவதால் பெறுபவரிடத்திலேயே அது புதிதாகப் பிறக்கிறது. இவ்விரண்டிலிருந்தும் கிடைக்கும் அளவுகோல் எளியது. ஒருவர் செய்த குற்றம் மற்றவரிடம் செல்வதற்கு ஒரே பாலம் அவருடைய உடன்பாடு. உடன் ஓடியவர் அறிந்திருந்தாரா, அறிந்தும் வாய்மூடியிருந்தாரா, ஒன்றும் அறியாதிருந்தாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஒரே சட்டை அணிந்து ஓடினார் என்பது மட்டும் போதாது.

குற்றம் அப்படியானால், பதக்கத்தை நால்வரிடமிருந்தும் பறித்தது அநீதியா? அன்று. வான்மீகி முன்பு வழிப்பறி செய்தவராக இருந்தபோது, கொள்ளையை உண்ட குடும்பத்தார் பாவத்தில் பங்கேற்க மறுத்தனர் என்னும் கதை தமிழ் வீடுகளில் நன்கு வழங்குவது. கேட்பவர்கள் வழக்கமாக அக்குடும்பத்தின் நன்றியின்மையை நொந்துகொள்வார்கள். ஆனால் குடும்பம் சொன்னதில் பாதி உண்மை: பாவம் அவர்களைச் சேராது. மற்றப் பாதியை அவர்கள் சொல்லவில்லை: அவர்கள் உண்டதும் அவர்களுக்கு உரியதன்று, பொருளுக்கு உரியவர் வந்து கேட்டால் திருப்பித் தரவேண்டியது. சோச்சியில் மூவரிடமிருந்து எடுக்கப்பட்டதும் இப்படிப்பட்டதே. உஸ்த்யுகோவின் 7.5 கிலோமீட்டரும் சேர்ந்தே அணிக்குத் தங்கம் வந்தது. அந்தப் பகுதி செல்லாது என்றானபின், தங்கத்துக்கு மூவரும் காட்டக்கூடிய உரிமை எதுவும் எஞ்சவில்லை. அவர்கள் தண்டிக்கப்படவில்லை, உரியவரிடம் பொருள் திரும்பியது. அத்தீர்ப்பினால் தடையோ விதிமீறியவர் என்ற பெயரோ மற்ற மூவர்மேல் விழவில்லை என்பது இப்பிரிவினையை உறுதிசெய்கிறது. குடிகள் செய்யும் புண்ணிய பாவங்களில் ஆறில் ஒரு பங்கு அரசனைச் சேரும் என்று மனுநூல் சொல்வதுகூட, காக்கும் கடமையை ஏற்றவன் என்னும் உறவின் மேல் எழுந்த கணக்கே ஒழிய, வெறும் அருகாமையின் மேல் எழுந்ததன்று.

இவ்வாறு பிரித்துப் பார்க்கும்போது, தூய்மையாக ஓடியவரின் உழைப்பு வீணாயிற்றா என்னும் வருத்தம் எஞ்சுகிறது. அதைத் தத்துவம் முழுவதும் நீக்கிவிட முடியாது. நீக்கியதாகப் பாசாங்கு செய்யவும் கூடாது. ஆனால் மீமாம்சை என்னும் வேள்வி ஆராய்ச்சி நெறி, ஒரு செயலின் பலனைக் கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது என இரண்டாகப் பிரித்தது இங்கே உதவும். பதக்கம் கண்ணுக்குத் தெரியும் பலன். அது கூட்டத்தின் பொருள், கூட்டத்தோடு வந்து கூட்டத்தோடு போகும். செயல் செய்தவரிடத்தில் விட்டுச்சென்ற தகுதி அவருடையது. எந்த மன்றமும் அதைத் திருப்பிக் கேட்க இயலாது. பயாத்லான் முடிவுத்தாள்கள் ஒவ்வொருவரும் தம் பகுதியை எத்தனை நேரத்தில் முடித்தார், எத்தனை மாற்றுக் குண்டுகள் கொண்டார், எத்தனை தண்டனைச் சுற்று ஓடினார் என்பவற்றைத் தனித்தனியே பதிந்து வைக்கின்றன. அவரவர் பங்கு விநாடியின் பத்திலொரு பகுதி வரை தெரிந்திருந்தும், பதக்கத்தை அந்தக் கணக்கின்படி பிரிக்க எவரும் முன்வரவில்லை. மெதுவாக ஓடியவருக்கும் விரைவாக ஓடியவருக்கும் ஒரே தங்கம். விபசித்து முனிவரின் திருப்பணியையும் இந்நோக்கில் மறுபடி பார்க்கலாம்: பொன் அவரவர் உழைப்புக்கேற்பத் தனித்தனியே சென்றது, எழுந்த கோயிலோ ஒன்று, கல் சுமந்தவரும் சிற்பியும் அவர்கள் வழிவந்தவரும் அங்கே ஒருங்கே நின்று வழிபட்டனர். புராணம் இரண்டு கணக்கையும் வைத்திருக்கிறது, படிப்பவர்கள்தான் கூலிக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

செராமிக் கூடத்தில் விரிசல் விட்ட கோப்பைக்கும் இதையே சொல்லலாம். இழப்பு கூடம் முழுவதற்கும் உரியது. அதைச் சூளைக்காரர் ஒருவர் கூலியிலிருந்து பிடிப்பது முறையன்று. ஆனால் மண்ணில் தெரிந்தே பதம் குறைத்தவர் ஒருவர் இருந்தால், அவருடைய பொறுப்பைக் கூடத்தின் மீது பரப்பி மெலிதாக்குவதும் முறையன்று. விளைவைப் பகிர்வதால் குற்றம் பகிரப்படுவதில்லை. குற்றம் ஒருவருடையது என்பதால் விளைவும் ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. பெரிய நிறுவனங்களிலும் அரசுகளிலும் பொறுப்பு பற்றி நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொள்வதிலேயே முட்டி நிற்கின்றன.

மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கும் எழுந்த காலத்தில் குயவர் ஒருவராகவே சக்கரத்தின் முன் அமர்ந்திருந்தார். ஆதலால் உயிரை ஒருமையில் வைத்தே அவை வினையைப் பேசியதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. இன்று அச்சாத்திரங்களைப் பாடம் சொல்லும் திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனங்களின் சித்தாந்த வகுப்புகளிலும், பல்கலைக்கழகத் தத்துவத் துறைகளிலும் கன்மவியல் நடத்தப்படும்போது, கூட்டாகச் செய்யப்படும் வினை என்பதைத் தனித்தலைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்னும் பாகுபாட்டை மனனம் செய்யும் மாணவரிடம், நால்வரில் ஒருவர் தவறினால் மற்ற மூவர் நிலை என்ன என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.